கருத்து கண்ணில் குத்தும்படி சரித்திர நாவல் எழுதுவது எப்படி?

சரித்திர நாவல் எழுத உட்காருகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது காலமும் அல்ல, களமும் அல்ல, கருத்து. 'பெண்ணுக்குப் பெண்ணே துணை' என்ற கருத்துக்கு இப்போது நல்ல மவுசு. அதைக் கொட்டை எழுத்தில் எழுதி மேஜைக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுங்கள். இனி உங்கள் நாவலில் யார் வாயைத் திறந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். அரண்மனை மடைப்பள்ளியில் ஒருத்தி புளி கரைக்கிறாள் என்றால் சும்மா கரைக்கக் கூடாது. "தனிக் கையில் புளி கரையாதடி, நாலு கை சேர்ந்தால்தான் கரையும்" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவள் கண் கலங்க வேண்டும். புளி கரைக்க ஒரு கை போதுமே என்று எந்த வாசகியும் கேட்கமாட்டாள். கேட்டால் அவள் உங்கள் வாசகி இல்லை.

காலம் என்று பார்த்தால் சோழர் காலம்தான் சௌகரியம். கல்கி 1950 முதல் 1954 வரை 'பொன்னியின் செல்வ'னைத் தொடராக எழுதி, மணியம் படமும் போட்டுக் கொடுத்துவிட்டதால் கோட்டை கொத்தளம் எதையும் நீங்கள் வர்ணித்துச் சிரமப்பட வேண்டாம். 'பழையாறை' என்று ஒரு வார்த்தை போட்டால் மாளிகை, ஓடை, ஓடம் எல்லாம் வாசகரே கட்டிக்கொள்வார். அந்தக் கதையில் இளவரசி குந்தவை, கொடும்பாளூர்ப் பெண் வானதியை அருகிலேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறாள்; தம்பிக்கு அவளையே மணமுடிக்கவும் நினைக்கிறாள். இதில் பாசம் எவ்வளவு, கொடும்பாளூர்க் கணக்கு எவ்வளவு என்பதைக் கல்கி நம் ஊகத்துக்கு விட்டுவிட்டார். நீங்கள் விடாதீர்கள். இளவரசியே வாய்விட்டு, "வானதி, இதில் அரசியல் துளியும் இல்லை, நீ ஒரு பெண், நான் ஒரு பெண்" என்று சொல்லிவிட வேண்டும். ஒருமுறை சொன்னால் மறந்துவிடுவார்கள். அத்தியாயத்துக்கு ஒருமுறை.

சோழர் காலத்தை எடுத்துக்கொண்டவர்கள் ஒரு விஷயத்தில் மட்டும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்: கல்வெட்டுப் பக்கம் போகக் கூடாது. போனால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் சொல்கிறேன். நாகப்பட்டினம் பக்கம் செம்பியன் மாதேவி என்றே ஓர் ஊர் இருக்கிறது. கண்டராதித்தர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் உயிரோடிருந்து, செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றிய அந்த அரசியின் பெயரால் ஏற்பட்ட ஊர். அங்குள்ள கோயிலுக்கு, அவர் பிறந்த நட்சத்திரத்தை ஒட்டி, அவருடைய மகன் உத்தம சோழனின் மனைவிமார் நிவந்தம் விட்டிருக்கிறார்கள். அதாவது மாமியார் பிறந்தநாளுக்கு மருமகள்கள், அதுவும் ஒருத்தருக்கு ஒருத்தர் சக்களத்திகளான மருமகள்கள், தர்மம் செய்திருக்கிறார்கள். பெண்ணுக்குப் பெண் துணை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் இதை எழுதினால் யார் நம்புவார்கள்? நாற்பது வருடமாகத் தொலைக்காட்சித் தொடர் பார்த்துப் பழகிய மக்கள். மேலும் அந்த மருமகள்கள் யாரும் அங்கே பிரசங்கம் செய்து வைக்கவில்லை. விட்டதை எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்கள் மாமியாரை நேசித்தார்களா, பயந்தார்களா, ஊர் மெச்சச் செய்தார்களா என்று கல் சொல்வதில்லை. கருத்துக்கு உதவாத கல்.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இன்னும் மோசம். ராஜராஜன் பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 பெண்களைக் கொண்டுவந்து தளிச்சேரி என்ற கோயில் குடியிருப்புகளில் குடியமர்த்தினான். அவர்களை 'நானூறு பேர்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் நமக்கு வேலை எளிது. அந்த மனுஷன் எந்தச் சேரி, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு, எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், பெயர் என்ன என்று ஒவ்வொருத்தியாக வெட்டிவைத்திருக்கிறான். சேரமங்கை, எடுத்தபாதம் என்றெல்லாம் பெயர்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருடம் 100 கலம் நெல். ஒருத்தி இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவளுக்கு அடுத்த உரிமை உள்ளவர் பங்கைப் பெற்று வேலையைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான ஆளைப் போட்டுச் செய்விக்க வேண்டும் என்பதுவரை விதி இருக்கிறது.

இதைப் படித்தவர் கதி என்ன ஆகிறது பாருங்கள். எங்கிருந்தோ வந்து இறங்கிய எடுத்தபாதத்துக்குத் தஞ்சாவூர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டதா, பக்கத்து வீட்டுக்காரி அவளுக்கு முதல் நாள் அடுப்பு மூட்ட நெருப்புக் கொடுத்தாளா, நூறு கலத்தில் யாருக்கு மூட்டை குறைந்தது, சாகக் கிடந்தவளின் பங்குமேல் எத்தனை பேர் கண் வைத்தார்கள் என்று மனம் அலைய ஆரம்பித்துவிடும். கதை ஓடும், கருத்து நின்றுவிடும். ஆகவே உங்கள் நாயகிக்கு எடுத்தபாதம் என்று பெயர் வைக்காதீர்கள். யாழினி என்று வையுங்கள். ஆயிரம் வருடத்துக்கு முன்னால் பிறந்தாலும் பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டில் பொருந்துகிற பெயர்.

சோழர் காலத்தில் ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்று நினைப்பவர்கள் 1920-களின் சென்னைக்கு வரலாம். டிராம் உண்டு, கிராமபோன் உண்டு, கைவைத்த ரவிக்கை உண்டு. அட்டைப்படம் நன்றாக வரும். இரண்டு பெண்களும் தயாராக இருக்கிறார்கள். ஒருவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாய் சந்திரம்மாள் இசைவேளாளர் குலம், தந்தை கல்லூரி முதல்வராயிருந்த நாராயணசாமி ஐயர். ஆண்கள் கல்லூரியில் சேர்ந்து படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1927-இல் சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் ஆனவர். மற்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878-இல் நஞ்சன்கூட்டில் தேவதாசிக் குடும்பத்தில் பிறந்து, பாட்டாலும் படிப்பாலும் சென்னையில் பெரிய பெயர் வாங்கியவர். திருவையாற்றில் கேட்பாரற்றுக் கிடந்த தியாகராஜரின் சமாதிக்குத் தன் பணத்தில் நிலம் வாங்கிக் கோயில் எழுப்பியவர்.

இந்த இருவரையும் ஒரே பாலத்தில் எதிரெதிராக நடக்கவிட்டு, ஒருவர் கையை ஒருவர் பற்றவைத்தால் முதல் பாகம் முடிந்தது என்று உங்களுக்குத் தோன்றும். தோன்ற வேண்டியதுதான். ஒரே ஒரு இடைஞ்சல். முத்துலட்சுமி கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டம் கொண்டுவரப் பாடுபட்டபோது, அதை எதிர்த்து அரசாங்கத்துக்கு மகஜர் கொடுத்தவர்கள் தேவதாசிகளே. அந்த எதிர்ப்பில் முன்னே நின்றவர்களில் நாகரத்தினம்மாள் ஒருவர்.

மகஜரில் அவர்கள் சொன்னது லேசாகத் தள்ளிவிடக் கூடியதும் அல்ல. எங்களை விலைமாதரோடு சேர்த்து எண்ணாதீர்கள். எங்கள் வீட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை உண்டு, மகளைத் தத்து எடுக்கிற உரிமை உண்டு. எங்களைத் திருத்த வேண்டுமென்றால் படிப்பைக் கொடுங்கள், பாட்டை வளருங்கள், வழக்கத்தையே அழித்து எங்களை நடுத்தெருவில் விடாதீர்கள். இந்தப் பக்கம் முத்துலட்சுமிக்குத் தெரிந்தது வேறு: தாய் வந்த குலத்தில் சின்னஞ்சிறு பெண்களுக்கு என்ன நடக்கிறது என்பது. டாக்டராக அவர் பார்த்தது இன்னும் வேறு. அவர் முயற்சியால் 1929-இல் வந்த சட்டத் திருத்தம், கோயில் ஊழியத்துக்காகத் தாசிகள் அனுபவித்த மானிய நிலத்தை ஊழியக் கட்டாயம் இல்லாமல் அவர்களே வைத்துக்கொள்ள வழி செய்தது. பொட்டைக் கழற்றினாலும் சோறு போகாது என்பது அதன் பொருள். பிறகு பொட்டுக்கட்டை விட்டு ஓடிவந்த பெண்களைச் சேர்த்துக்கொள்ள விடுதிகள் மறுத்தபோது தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அதிலிருந்துதான் ஔவை இல்லம் எழுந்தது.

யார் பெண்களின் பக்கம் என்று இப்போது சொல்லுங்கள் பார்ப்போம். சொல்ல முடியவில்லை அல்லவா? இதனால்தான் ஆவணங்களைப் படிக்க வேண்டாம் என்கிறேன். மகஜரைக் கிழித்துப் போட்டுவிட்டு, நாகரத்தினம்மாளை மனம் மாறவைத்து, இரண்டாம் பாகத்தில் சட்டசபை வாசலில் டாக்டரைக் கட்டிக்கொண்டு அழவிடுங்கள். 1947-இல் பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டம் நிறைவேறியபோதுகூட இப்படி எதுவும் நடந்ததாகத் தெரியாவிட்டால் என்ன? முன்னுரையில் 'கற்பனை கலந்த வரலாறு' என்று ஒரு வரி போட்டுவிட்டால் கலந்த விகிதத்தை யாரும் கேட்பதில்லை.

வில்லனைப் பற்றிச் சில வார்த்தை. வில்லன் மீசைக்கார ஜமீன்தாராக இருக்கட்டும். இல்லையென்றால் வெள்ளைக்காரக் கலெக்டர். நிஜத்தில் தேடப் போனால் தகராறு வரும். நாகரத்தினம்மாள் 1910-இல் வாவிள்ள ராமசாமி சாஸ்திருலு கடைக்காரர்கள் மூலம் முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியத்தைப் பதிப்பித்தார். முத்துப்பழனி, பிரதாபசிம்மன் காலத்துத் தஞ்சை அவையில் இருந்த கணிகை. அந்தக் காவியத்தை ஆபாசம் என்று கடுமையாகத் திட்டியவர் யார் தெரியுமா? விதவைகளுக்கு மறுமணம் செய்துவைத்த, பெண் கல்விக்காக ஆயுள் முழுக்க உழைத்த கந்துகூரி வீரேசலிங்கம். வில்லன் வேஷத்துக்கு இவரைக் கூப்பிட்டால் மேக்கப் ஒட்டாது. நாகரத்தினம்மாள் அவருக்குப் பதில் சொன்னார்: வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண் கவிகள் எழுதினால் இல்லையா, நீங்கள் பார்த்துத் திருத்தி அச்சுக்குக் கொடுத்த நூலில் இருப்பதெல்லாம் என்ன? கேள்வி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் புத்தகத்தைத் தடை செய்தது. போலீஸ் பிரதிகளை அள்ளிக்கொண்டு போயிற்று. தடை நீங்கச் சுதந்திரம் வரும் காலம் ஆகிவிட்டது.

அந்தக் காவியத்தின் கதையும் உங்கள் சுவர்த் தாளுக்கு ஒத்துவராது. ராதை தன் கையால் வளர்த்த பெண் இளாதேவி. அவளைக் கண்ணனுக்குக் கட்டிவைப்பவள் ராதை. முதல் இரவுக்கு அவளை அலங்கரித்து, எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்து அனுப்புபவளும் ராதைதான். அனுப்பிவிட்டு வந்து பொறாமையில் எரிகிறாள். துணை நின்றவளே துடிக்கிறாள்; துடிப்பவளைத் தேற்ற ஓடிவருகிறவன் கண்ணன். இதை நம் காலத்து ஆசிரியர் ஒருவர் கையில் கொடுத்தால், பொறாமைப் பகுதியை வெட்டிவிட்டு, "இளா, உன் மகிழ்ச்சியே என் மகிழ்ச்சி" என்று ராதையைச் சொல்லவைத்து நூறு பக்கம் மிச்சப்படுத்தியிருப்பார்.

இந்தக் காவியம் பதிப்பான கதையில் ஒரு காட்சி இருக்கிறது. அதை நாவலில் சேர்க்கவே கூடாது. நாகரத்தினம்மாள் கையில் இரண்டு பிரதிகள். ஒன்று ஏற்கெனவே அச்சானது. மற்றது ஒரு நண்பர் மூலம் வந்த சுவடிப் பிரதி. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டே போகிறார். அச்சுப் பிரதியில் பாடல்கள் சில காணோம். முகப்பில் கவிஞர் தன் வம்சத்தைச் சொல்லும் பகுதியும் காணோம். அந்த வம்சம் பெண்வழி வம்சம். தன் பாட்டி தஞ்சநாயகியை முத்துப்பழனி பெருமையோடு சொல்லும் இடம் அது. யாரோ ஒரு பதிப்பாசிரியர் பாட்டியையே தூக்கிவிட்டார். நூற்றைம்பது வருடம் கழித்துத் தனக்கு முகம் தெரியாத ஒருத்தியின் பாட்டியை இந்த அம்மாள் திரும்பக் கொண்டுவந்து அந்தப் பக்கத்தில் உட்காரவைக்கிறார். இருவரும் சந்தித்ததில்லை, கட்டிக்கொண்டதில்லை, கண்ணீர் இல்லை. ஒரு வார்த்தை 'பெண்' என்றுகூட யாரும் உரக்கச் சொல்வதில்லை. ஒருத்தி மேஜையில் குனிந்து பிழை பார்க்கிறாள், அவ்வளவுதான். இதை வைத்து எப்படி முன்னோட்டக் காணொளி எடுப்பது?

இதற்குப் பதிலாகச் சந்தையில் நன்கு ஓடுவது ட்ரங்குப் பெட்டி உத்தி. சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பேத்தி, காதலன் கைவிட்ட மறுவாரம், கும்பகோணம் வீட்டுப் பரணில் பாட்டியின் துருப்பிடித்த பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே கடிதக் கட்டு, காய்ந்த தாழம்பூ, ஒரு நாட்குறிப்பு. நாட்குறிப்பில் கறையான் அரிக்காத பக்கங்கள் மட்டும் கதைக்கு வேண்டியவை. பாட்டி 1930-இல் எழுதியது அப்படியே பேத்தியின் இன்றைய சிக்கலுக்குப் பதிலாக இருக்கும். ஆனால் அதில் வாய்தா, வட்டி, நெல் விலை பற்றி ஒரு வரிகூட இருக்காது. பெண்கள் கணக்கு எழுதியதே இல்லை போலும்.

குறியீடு அவசியம் வேண்டும். சடை பின்னல் நல்லது. மூன்று பெண்கள், மூன்று கால் பின்னல். முதல் அத்தியாயத்தில் ஒருத்தி இன்னொருத்திக்குப் பின்னிவிடட்டும். பத்தாவதில் 'மூன்று கால்களும் சேர்ந்தால்தான் சடை' என்று கதைசொல்லி விளக்கட்டும். கடைசியில் யாராவது ஒருத்தி பின்னலை அறுத்துத் தலையை விரித்துப் போட வேண்டும்; ஏன் என்று கேட்டால் அது வேறு குறியீடு.

வசனத்தில் கஞ்சத்தனம் கூடாது. பல்லவர் காலமோ பாளையக்காரர் காலமோ, நாயகிக்கு நடப்பு நூற்றாண்டின் கருத்துகள் அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். நடையை மட்டும் பழசாக்கினால் போதும். 'எனக்கென ஒரு வெளி வேண்டும்' என்பதை 'எமக்கென ஒரு வெளி வேண்டும், மன்னா' என்று மாற்றினால் எட்டாம் நூற்றாண்டு.

பிரசங்கத்தைப் பற்றி நான் சொல்வதை வைத்து, நாவலில் பிரசங்கமே ஆகாது என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936-இல் 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' எழுதினார். பக்கம் பக்கமாகப் பிரசங்கம் உண்டு; மாநாடு நடத்திக் கதாபாத்திரங்கள் பேசுகிறார்கள். ஆனாலும் இன்றைக்கும் படிக்க முடிகிறது. காரணம், மைனரிடமிருந்து எப்படிப் பணம் கறப்பார்கள், தாய்க்கிழவி எந்த நேரத்தில் தலைவலி என்று படுப்பாள், கடிதத்தில் என்ன எழுதுவார்கள் என்பதெல்லாம் உள்ளேயிருந்து பார்த்தவர் எழுதியது. தொழிலின் சூது அத்தனையும் அதில் இருக்கிறது. இந்த அம்மையார் நின்றது முத்துலட்சுமியின் பக்கம்; நாகரத்தினம்மாளுக்கு எதிர்ப்பக்கம். தம் இனத்துப் பெண்களையே சூழ்ச்சிக்காரிகளாக எழுதினார், அவர்களுக்காகத்தான். உங்களுக்கு அந்தச் சங்கடமெல்லாம் தேவையில்லை. பிரசங்கத்தை எடுத்துக்கொண்டு தொழில் விவரத்தை விட்டுவிடுங்கள்.

திருவையாற்றைப் பற்றி ஒரு உச்சக்கட்டம் எழுதலாம் என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே தியாகராஜர் ஆராதனையில் பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டு பிரிவாகச் சண்டை போட்டார்கள். இரண்டிலும் பெண்களுக்குப் பாட இடம் இல்லை. சண்டைக்காரர்கள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை. சமாதிக்குக் கோயில் எழுப்பிய நாகரத்தினம்மாளே வெளியே. அவர் 1920-களின் இறுதியில் பெண் கட்சி என்று மூன்றாவதாக ஒன்றைத் தொடங்கி, பெண்களைத் திரட்டிப் பாடவைத்தார். 1940 வாக்கில் மூன்றும் ஒன்றாயின. எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அந்தப் பெண் கட்சியில் பாடினவர்களுக்குள் யார் முதலில் பாடுவது, யாருக்கு எவ்வளவு நேரம் என்று மனத்தாங்கல் வந்திருக்குமா என்று மட்டும் யோசிக்காதீர்கள். பாடகர் கூட்டம்; வந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். உங்கள் நாவலில் எல்லோரும் ஒரே சுருதியில் பாட வேண்டும்.

எழுதி முடித்தாயிற்றா? ஜனவரிப் புத்தகக் காட்சிக்குள் அச்சாக வேண்டும். அட்டையில் மூன்று பெண்கள் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்த்து நிற்கட்டும்; முகம் வரைந்தால் ஓவியருக்குக் கூடுதல் பணம். சமர்ப்பணம் 'உலகப் பெண்கள் அனைவருக்கும்'. வெளியீட்டு விழா மேடையில் தலைமை, முன்னிலை, சிறப்புரை, ஆய்வுரை, வாழ்த்துரை என்று ஐந்து ஆண்கள். குத்துவிளக்கு ஏற்ற ஒரு பெண், நன்றியுரைக்கு ஒரு பெண்; ஒருவரே இரண்டையும் செய்தால் நாற்காலி மிச்சம். கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்து, அறுநூறு பக்கத்துக்கும் பிழை பார்த்துக் கொடுத்த அம்மா யார் என்று அச்சகத்தில் கேட்டால் சொல்வார்கள். இரண்டாம் பதிப்பு வந்தால் பெயரைப் போட்டுக்கொள்ளலாம்.